சும்மா செய்யும் வேலைக்குக் கணக்கு உண்டா?

"சும்மாதானே செய்யிறோம்! சம்பளமா வாங்குறோம்?"

இயக்க வேலை, கோயில் வேலை, தாமான் வேலை என்று எதிலாவது கைவைத்த எவரும் இந்த வார்த்தையை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். முகாமில் சாப்பாடு தாமதமானால் சொல்வோம். ஞாயிறு சமய வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லையே என்று பெற்றோர் கேட்டால் சொல்வோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வேலை முடிந்து, காகிதக் குவளைகளை ரோட்டோரத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்ததை யாராவது சுட்டிக்காட்டினால் கொஞ்சம் கோபமாகவே சொல்வோம்.

நானும் இளைஞனாக இருந்த காலம் தொட்டு இதைச் சொல்லி வந்தவன்தான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பத்தாங் காலிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டார்ச் லைட்டும் கையுமாக நின்றபோதுதான் அதைச் சொல்ல எனக்கு முதன்முதலாக வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முயலும் நாய்களும்

ஹேஷ் ஓட்டம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பீர்தான். அது காரணமில்லாத பேச்சும் இல்லை. ஆனால் ஹேஷ் நம் ஊரில் பிறந்த விளையாட்டு என்பது பலருக்குத் தெரியாது. 1938-இல் கோலாலம்பூரில் வேலை பார்த்த சில வெள்ளைக்காரர்கள் இதைத் தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் கிஸ்பர்ட் என்ற கணக்காய்வாளர். சிலாங்கூர் கிளப்பைச் சேர்ந்த ஒரு கட்டடத்தில் இவர்கள் சாப்பிடுவது வழக்கம். அங்கு கிடைத்த சுமாரான சாப்பாட்டைக் கிண்டல் செய்து வைத்த பெயர்தான் 'ஹேஷ் ஹவுஸ்'. அந்தப் பெயரே ஓட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் இறந்துபோனார். அவர் தொடங்கிய ஓட்டம் மட்டும் அவரோடு முடிந்துவிடவில்லை. இன்று உலகம் முழுக்க ஹேஷ் குழுக்கள் இருக்கின்றன.

நான் போவது குடும்பக் குழு. பிள்ளைகள், பாட்டிகள், தாத்தாக்கள் எல்லாரும் வருவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று கலந்துதான் இருப்போம். பிள்ளைகள் இருப்பதால் ஓடி முடித்து வட்டமாக நிற்கும்போது குளிர்பானமும் மைலோவும் மட்டும்தான். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. திரையை விட்டு அவளை வெளியே இழுத்து வர இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டு எளிமையானது. ஒருவரோ இருவரோ முன்கூட்டியே காட்டுக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோ போய்த் துண்டுக் காகிதம் போட்டு ஒரு தடத்தை அமைப்பார்கள். அவர்களுக்கு 'முயல்' என்று பெயர். மற்றவர்கள் நாய்கள். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தடத்தைத் தொடர்ந்து ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். நடுநடுவே 'செக்' வரும். அந்த இடத்தில் காகிதம் நின்றுவிடும். நாலு பக்கமும் பிரிந்து தேட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் "ஆர் யூ?" என்று கத்துவார்கள். காகிதத்தைக் கண்டவர் "ஆன் ஆன்!" என்று கத்துவார். சில பக்கங்களில் முயல் கொஞ்ச தூரத்துக்குக் கள்ளத் தடமும் போட்டு வைத்திருக்கும். வேகமாக ஓடுகிறவர் அதில் ஏமாந்து போய்த் திரும்பி வருவதற்குள் மெதுவாக வருகிறவர்கள் செக்குக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். வலுவானவரும் பலவீனமானவரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த ஓட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

முயல் வேலைக்குச் சம்பளம் கிடையாது. முறை போட்டு ஆளாளுக்குச் செய்வோம். இரண்டு மூன்று தடவை போய் இடம் பார்க்க வேண்டும். பாராங்கை வைத்துப் புதரை வெட்ட வேண்டும். ஆபீஸில் கிழித்துப் போட்ட காகிதத்தை அரிசிச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து போக வேண்டும். பெட்ரோல் காசும் நம் கைக்காசுதான்.

அன்று நடந்தது

அந்த முறை நானும் ஒரு நண்பரும் முயல். சனிக்கிழமை வெயிலில் நாலு மணி நேரம் நடந்து தடம் போட்டோம். பெரியவர்களுக்கு ஐந்து கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு அதில் பாதி. வேலை முடிந்து வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது மனதுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது.

ஞாயிறு காலையில் ஷா ஆலமில் ஒரு கல்யாணம். மத்தியானப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மண்டபத்துக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. காரில் ஏறியதும் நண்பர் போன் செய்தார்.

"பாஸ், நல்ல மழை பிடிச்சிருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடியே போயி அந்தப் பள்ளத்துப் பக்கம் மட்டும் பார்த்துட்டு வந்துரலாமா?"

"பரவால்லைங்க, பேப்பர் நிறையத்தான் போட்டிருக்கோம். சும்மா செய்யிற வேலைக்கு இதுக்கு மேல என்னா செய்யிறது?"

நண்பர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பின் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

நாலரை மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மழை விட்டிருந்தது. வழக்கம்போல நான்தான் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விதியைச் சொன்னேன். "பேப்பர் காணலன்னா பயப்படாதீங்க. கடைசியா பேப்பர் பார்த்த இடத்துக்குத் திரும்பி வாங்க. அங்கயே நில்லுங்க. ஆள் வரும்."

ஆறரைக்கெல்லாம் அநேகமாக எல்லாரும் திரும்பிவிட்டார்கள். மைலோ கலக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு பெண் வந்து கேட்டார். "எங்கப்பாவும் பையனும் இன்னும் வரல. பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கடைசி ஆளாக நடந்து வர வேண்டிய என் நண்பர் அன்று பானம் கலக்க ஆளில்லை என்று முன்பே வந்துவிட்டார். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணியவர் யாருமில்லை. போன் போட்டுப் பார்த்தால் லைன் கிடைக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர் உள்ளே போனோம். செம்பனைக்குள் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். வெளியே வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே பாதை தெரியாது. கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். நண்பர் சொன்ன அந்தப் பள்ளத்துக்கு வந்ததும் விஷயம் புரிந்தது. வாய்க்கால் நிறைந்து வழிந்து, பாதை பிரியும் இடத்தில் நாங்கள் போட்ட காகிதம் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. வேகமாக ஓடியவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகத் திசையைப் பார்த்து வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர்களுக்கு முன்னால் யாருமில்லை.

பள்ளத்துக்கு இந்தப் பக்கம், நிரையின் ஓரத்தில், வெட்டிப் போட்ட மட்டைகளின் மேல் அந்தத் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஏழு வயதுப் பேரன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கொசு கடித்து அவன் கையெல்லாம் தடித்துப் போயிருந்தது. மணி ஏழு ஐம்பது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தான் பேசினார்.

"வாங்க தம்பி. பேப்பர் இங்கதான் கடைசியா இருந்துச்சு. நீங்க நிக்கச் சொன்னீங்கல்ல. பேப்பர் போட்டவரு இங்கதான் வருவாருன்னு பையன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

சம்பளம் வாங்காத என்னை நம்பி, நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, அந்த மனிதர் இருட்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறார். நான் சும்மா செய்தேனா, காசு வாங்கிச் செய்தேனா என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. அப்போதுதான் அந்தப் பழைய வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

இரண்டாவது தப்பு

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பையனின் அம்மா அழுதார். யாரோ சொன்னார்கள், "மழை லா, யாரு என்னா செய்ய முடியும்?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "ஆமா, நல்ல மழை."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மழை நல்ல மழைதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரவாங் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள். "அப்பா, மத்தியானம் அங்கிள் போன் பண்ணாங்களே, போயி பார்க்கலாம்னு. அதை ஏன் நீங்க சொல்லல?"

"டயர்டா இருக்கும்மா. அப்புறம் பேசலாம்" என்றேன். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கள்ளத் தடமும் காணாமல் போன தடமும்

அதன் பிறகு ஒரு விஷயம் மனதைக் குடைந்தது. முயலின் வேலையே ஏமாற்றுவதுதானே? அன்றுகூட நாங்கள் மூன்று கள்ளத் தடம் போட்டிருந்தோம். அதில் ஏமாந்து இருநூறு மீட்டர் வீணாக ஓடி வந்தவர்கள் எங்களைச் சிரித்துக்கொண்டே திட்டினார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. வேண்டுமென்றே ஏமாற்றிய இடத்தில் கெடுதல் இல்லை. ஏமாற்ற நினைக்காத இடத்தில்தான் ஒரு குழந்தை இருட்டில் கிடந்தது. இது எப்படி?

எனக்குக் கிடைத்த பதில் இது. கள்ளத் தடம் எல்லாரும் ஒத்துக்கொண்ட பொய். 'நான் உன்னைக் கொஞ்சம் சுற்ற விடுவேன். ஆனால் உண்மையான வழி ஒன்று கட்டாயம் இருக்கும்' என்று முயல் ஓட்டம் தொடங்கும்போதே வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கு இருக்கிற வரைக்கும் ஏமாற்று வெறும் விளையாட்டுதான். பள்ளத்தில் காகிதம் இல்லாமல் போனது யாரும் ஒத்துக்கொள்ளாத பொய். அங்கே அந்த வாக்கே அடித்துக்கொண்டு போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் நான் சொன்ன "நல்ல மழை"யும் அதே ரகம்தான். சொன்னது உண்மை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது பொய். என்னைப் பின்தொடர்ந்து வந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் தடம் அறுந்துவிட்டது. பள்ளத்தில் அறுந்ததற்காவது மழையைக் காரணம் சொல்லலாம். இதற்கு மழை காரணமில்லை.

'பலனை எதிர்பாராதே' என்றால் என்ன?

நம்மிடம் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. முகாம்களில் நானே இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் அதை நாம் நமக்கு வசதியாகத் திருப்பிக்கொள்கிறோமோ என்று இப்போது தோன்றுகிறது.

பலன் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, என் வேலையால் எனக்கு வருவது. பணம், பொன்னாடை, மேடையில் பெயர் சொல்வது, முகநூலில் படம். இன்னொன்று, என் வேலையால் பிறருக்குப் போய்ச் சேருவது. முதலாவதைத்தான் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது துறவு ஆகாது. அது வெறும் அலட்சியம். 'நான் பலனை எதிர்பார்ப்பதில்லை' என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் அழுக்குத் தண்ணீரைக் கொடுத்தால் அது கர்ம யோகமா?

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நன்றி சொல்லவில்லை என்றால் மனம் நோகிறது. வேலை சரியாக நடந்ததா என்று கேட்டால் மட்டும் 'பலனை எதிர்பாராத சேவை' என்கிறோம்.

அப்பர் பெருமான் உழவாரப் படையைக் கையில் ஏந்தியவர். கோயில் வெளியில் புல்லையும் முள்ளையும் செதுக்கியவர். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அதற்காக, சம்பளமில்லாத வேலைதானே என்று பாதி முள்ளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பாரா? பின்னால் நடந்து வருகிறவரின் பாதம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். தொண்டு என்பது இதுதான் என்று நினைக்கிறேன். நம் பின்னால் வருகிறவர் யாரென்றே நமக்குத் தெரியாது. ஆனாலும் அவருடைய பாதத்தை நினைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

ஒரு நியாயமான கேள்வி

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் கேட்டார். "இப்படிக் கணக்குப் பார்த்தா எவன் சேவை செய்ய வருவான்? இப்பவே பத்துப் பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேருதான் வர்றான்."

நியாயமான கேள்விதான். வந்த இரண்டு பேரையும் குற்றம் சொல்லி விரட்டிவிட்டால் வேலை நடக்காது. சும்மா உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தடத்தில் ஒரு நாளும் காகிதம் போடாதவர் முயலைத் திட்டுவது எனக்கும் பிடிக்காது. நான் பேசுவது மற்றவர்கள் நம்மிடம் கேட்கும் கணக்கைப் பற்றி இல்லை. நாமே நம்மிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பற்றி.

அந்தக் கணக்கு நம்மை அதிகம் செய்யச் சொல்வதில்லை. குறைவாக ஒத்துக்கொள்ளச் சொல்கிறது. அன்று நான் செய்திருக்க வேண்டியது என்ன? கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டியதில்லை. "என்னால முடியல, வேற யாராவது அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்குக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம். 'முடியாது' என்று சொல்லக் கொஞ்சம் அடக்கம் வேண்டும், அவ்வளவுதான். நான்கு பொறுப்பை ஏற்றுக்கொண்டு நான்கையும் பாதி செய்கிறவரைவிட ஒன்றை ஏற்று முழுதாகச் செய்கிறவரால்தான் எந்த இயக்கமும் நிற்கும்.

பனிக்கட்டி

ஹேஷில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவரை வட்டத்தின் நடுவில் ஐஸ் கட்டிமேல் உட்கார வைப்பார்கள். எல்லாம் வேடிக்கைக்குத்தான்.

அடுத்த ஓட்டத்தில் வட்டம் கூடியதும் நான் கை தூக்கினேன். போன் வந்ததையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். மகள் முன் வரிசையில் நின்றிருந்தாள். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சீன நண்பர் "ஐஸ்! ஐஸ்!" என்று கத்த, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். அந்த ஐஸ் எவ்வளவு குளிர் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவர் இன்றுவரை என்னிடம் அளந்துதான் பேசுகிறார்.

தாத்தா மட்டும் கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அடுத்து நீங்க எப்ப பேப்பர் போடுறீங்க?"

"மூணு மாசம் கழிச்சு வரும்ங்க, ஐயா."

"சொல்லுங்க, நானும் வர்றேன். நான் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன். மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியும்."

இப்போது நாங்கள் மூன்று முயல். ஓட்டம் நடக்கும் அன்றே இன்னொரு தடவை தடத்தைப் பார்க்கிறோம். உள்ளே போகிறவரை எழுதிவைத்து, வெளியே வருகிறவரை அடித்துவிடுகிறோம். கடைசி ஆளாக வருகிறவர் என்ன ஆனாலும் கடைசியாகத்தான் வருவார். பிள்ளைகள் கழுத்தில் விசில் தொங்குகிறது. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. முன்பே செய்திருக்கலாம்.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். அது வகுப்பாக இருக்கலாம், பந்தலாக இருக்கலாம், முகாமாக இருக்கலாம். நீங்கள் போட்ட காகிதம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒருவர் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார். உங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று அவர் கேட்கமாட்டார்.

அவர் கேட்காத அந்தக் கணக்கை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.